தலைகுந்தா உறைபனியும் ஒரு பழைய ‘இந்து’ ரோலும்

காலை ஆறரை மணிக்குத் தலைகுந்தா புல்வெளி வெளுத்துக் கிடந்தது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் தை மாதத்து உறைபனி முதலில் படிகிற பள்ளம் இதுதான் என்று டாக்சி ஓட்டுநர் சொல்லியிருந்தார். சாலையோரம் நின்ற ஸ்கூட்டர்களின் இருக்கைகளிலும் பனி உறைந்திருந்தது. ட்ரைபாடை விரித்து யாஷிகா 635-ஐப் பொருத்தினேன். மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் அரைத்த கண்ணாடியில் புல்வெளி இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தது.

1950-களின் கடைசியில் ஜப்பானில் வந்த இந்த இரட்டை லென்ஸ் கேமராவைத் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்காரர்கள் பலர் தலைமுறைக்கும் வைத்திருந்தார்கள். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. 120 ரோல் போட்டால் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டரில் பன்னிரண்டு படங்கள். கூடவே வரும் துணைக்கருவிகளைப் பொருத்தினால் 35 மில்லிமீட்டர் ஃபிலிமையும் ஏற்றிக்கொள்ளும். ஒரே நாளில் வெவ்வேறு ஃபிலிம்களைப் போட்டுப் பார்க்க இதைவிடத் தோதான பெட்டி எனக்குக் கிடைத்ததில்லை.

அன்று காலை உள்ளே இருந்தது ‘இந்து’ ரோல். ஊட்டியிலேயே, இந்தச் சாலையிலேயே, ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. பெட்டியில் போட்டிருந்த காலாவதி ஆண்டு 1994. குன்னூரில் மூடிவிட்ட ஸ்டுடியோ ஒன்றின் அலமாரியில் இத்தனை வருடம் கிடந்திருக்கிறது. அதை வாங்கியதற்கு முக்கியக் காரணமே அந்த அலமாரிதான். ஃபிலிமுக்கு வயதாவது சூட்டால்தான் அதிகம். ஜெலட்டினில் மிதக்கும் சில்வர் ஹாலைடு துகள்கள், ஒளியே படாவிட்டாலும், வெப்பத்தாலும் சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் கதிர்வீச்சாலும் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொள்கின்றன. கழுவும்போது அவையும் கறுத்துவிடும். நெகட்டிவ் முழுக்கப் பரவும் அந்தச் சாம்பல் படலத்தை ஸ்டுடியோக்காரர்கள் ‘ஃபாக்’ என்பார்கள். மதுரையில் ஓட்டுக்கூரைக்கு அடியில் முப்பது வருடம் கிடந்த ரோலுக்கும் குன்னூர்க் குளிரில் கிடந்த ரோலுக்கும் ஒரே வயது என்று சொல்லவே கூடாது.

பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் ஒளி கூட்டிக்கொடு என்பது பழைய ஃபிலிமைக் கையாள்கிறவர்களிடையே புழங்கும் பொதுக்கணக்கு. அதன்படி பெட்டியில் அச்சிட்ட வேகத்திலிருந்து ஏறக்குறைய மூன்று ஸ்டாப் இறக்கி, 12 ஏ.எஸ்.ஏ. என்று லைட் மீட்டரில் வைத்துக்கொண்டேன். அந்தக் காலை வெளிச்சத்துக்கு மீட்டர் காட்டியது எஃப் 5.6, எட்டில் ஒரு நொடி. கேபிள் ரிலீஸை அழுத்தினேன். காப்பால் ஷட்டரின் சத்தம் பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

வெயில் ஏறிப் பனி உருகத் தொடங்கியதும் ஊட்டிப் பக்கமாகத் திரும்பி நடந்தேன். கற்பூர மரங்களுக்கு நடுவே தொழிற்சாலைக் குடியிருப்பான இந்து நகர் வருகிறது. பேருந்து நடத்துநர்கள் இன்றைக்கும் ‘எச்.பி.எஃப்.’ என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். தொழிற்சாலைக்குள் போக முடியாது. சாலையில் நின்று வெளிப்புறத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

காமராசர் முதலமைச்சராக இருந்த 1960-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் இது. பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தி தொடங்கியது. ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் அழகு அல்ல. ஃபிலிம் செய்ய மூன்று வேண்டும்: தூசியில்லாத காற்று, குளிர்ச்சி, ஏராளமான நல்ல தண்ணீர். மேலே பூசும் அடுக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஒரு தூசி விழுந்தால் அது யாரோ ஒருவருடைய திருமணப் படத்தில் மணப்பெண்ணின் கன்னத்தில் புள்ளியாக நிற்கும். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே, அன்றைக்கு வாகனப் புகையே அதிகம் இல்லாத இந்த மலையில் அந்தக் கவலை குறைவு. கறுப்பு வெள்ளை ரோல், போட்டோ பேப்பர், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் இங்கிருந்து நாடு முழுக்கப் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதை நம்பி வாழ்ந்தன. 1990-களின் நடுவில் நலிவடைந்த நிறுவனம் என்ற பட்டியலில் சேர்ந்தது, அதன்பிறகு மீளவில்லை. டிஜிட்டல் வந்து கதவை முழுவதுமாகச் சாத்தியது.

நல்ல வெயிலில் எஃப் 8, அறுபதில் ஒரு நொடி. சுவரையும் மரங்களையும் சேர்த்து, இங்கே பிறந்த ஃபிலிமிலேயே பிடித்தேன்.

பெட்டிக்கடை வாசலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் கேமராவைப் பார்த்து நெருங்கி வந்தார். தலையில் கம்பளித் தொப்பி. “உள்ள என்ன ரோல் தம்பி?” என்றார். காலிப் பெட்டியை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். “இது நாங்க போட்டது.”

பூச்சுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். வேலை எப்படி நடக்கும் என்று கேட்டதுதான் தாமதம், எழுந்து நின்று கையால் காட்ட ஆரம்பித்துவிட்டார். வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் புரோமைடையும் ஜெலட்டின் கரைசலில் கலந்தால் சில்வர் புரோமைடு படிகங்கள் உண்டாகும். அதை ஊறவைத்து, பக்குவம் வந்ததும் கழுவி, மறுபடி சூடாக்கி, ஓடிக்கொண்டே இருக்கும் அகலமான பட்டையின் மேல் பூச வேண்டும். எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிம் என்பதால் சிவப்பு விளக்குக்கூடக் கூடாது.

“சில இடத்துல கரும்பச்சையா ஒரு விளக்கு இருக்கும் தம்பி. இருக்குன்னு பேருதான். பல இடத்துல அதுவும் கிடையாது. சுவரத் தொட்டுக்கிட்டே நடக்கணும். எதிர்ல ஆள் வர்றது தெரியணும்னு சத்தம் குடுத்துக்கிட்டே வருவோம்.”

“பூச்சு சரியா விழுதான்னு எப்படிங்கய்யா தெரியும்?”

“மெசின் சத்தம் சொல்லும். அப்புறம் வாசனை. ஜெலட்டின் பக்குவம் தப்புனா மூக்குக்குத் தெரிஞ்சிடும்.”

இந்த ஜெலட்டினைப் பற்றிப் புகைப்பட வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது ஜெலட்டின். ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த ஃபிலிம் வேகமாகவும் மற்றொன்றில் செய்தது மந்தமாகவும் இருப்பது ஏன் என்று ஆராய்ந்த கோடாக் விஞ்ஞானி சாமுவேல் ஷெப்பர்ட், 1920-களில் காரணத்தைக் கண்டுபிடித்தார். மாடு தின்ற கடுகுச் செடி வகைகளிலிருந்து வந்த கந்தகச் சேர்மங்கள் ஜெலட்டினில் தங்கியிருந்தன. அந்தத் துளிக் கந்தகம்தான் வெள்ளிப் படிகத்தை ஒளிக்குக் கூருணர்வு உள்ளதாக ஆக்கியது. அதுவரை தற்செயலாக நடந்ததை அதற்குப்பின் அளந்து சேர்த்தார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுவிட்டு, “ஜெலட்டின் மாறுனா அன்னைக்கு எல்லாருக்கும் வயித்துல புளி கரையும். எங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

பிற்பகலில் அவரும் என்னோடு பைன் காட்டுப் பக்கம் வந்தார். அங்கே நான் திறந்தது மரக் கேமரா. ஆலப்புழையில் கே. கருணாகரன் 1940-களில் செய்யத் தொடங்கிய ‘வாகீஸ்வரி’ கேமராக்களில் ஒன்று. தேக்குச் சட்டம், பித்தளைத் திருகுகள், மடிப்பு மடிப்பாக விரியும் தோல் துருத்தி. தென்னிந்தியாவின் எத்தனையோ பள்ளிக்கூடக் குரூப் போட்டோக்கள் இந்த மரப்பெட்டிக்குள் தலைகீழாக விழுந்து எழுந்தவை. என்னுடையது ஹாஃப் பிளேட் அளவு, நாலேமுக்காலுக்கு ஆறரை அங்குலம். அதற்கான ஃபிலிம் இப்போது கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே எக்ஸ்ரே ஃபிலிம். எட்டுக்குப் பத்து அங்குலத் தாளைச் சிவப்பு விளக்கின் கீழ் வெட்டினால் இரண்டு ஹாஃப் பிளேட் துண்டுகள் தேறும்.

எக்ஸ்ரே ஃபிலிம் சாதாரண கேமரா ஃபிலிமிலிருந்து எல்லா வகையிலும் வேறுபட்டது. இரண்டு பக்கமும் பூச்சு. மருத்துவமனையில் இதை ஒளிரும் இரண்டு திரைகளுக்கு நடுவே வைப்பார்கள். கதிர் பட்டதும் திரைகள் ஒளிர்ந்து இருபுறமும் படம் பதியும். நோயாளியின் மேல் விழும் கதிரின் அளவைக் குறைப்பதற்கான ஏற்பாடு இது. திரை பச்சையாக ஒளிர்வதால் என்னிடமிருந்த வகைக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. அதனால்தான் சிவப்பு விளக்கில் பயமில்லாமல் வெட்ட முடிகிறது. கேமரா ஃபிலிமில் பின்புறம் எதிரொளியைத் தடுக்க ஓர் அடுக்கு வைப்பார்கள். இதில் அது இல்லாததால் பிரகாசமான இடங்களைச் சுற்றி ஒளி கசியும். இவற்றையெல்லாம் முதலிலேயே தெரிந்துகொண்டால் எதைப் படம் பிடிப்பது என்று ஃபிலிமே சொல்லிவிடும்.

சரிவில் ஒரு காட்டுப்பூவரசு பூத்திருந்தது. நீலகிரிச் சோலைகளின் விளிம்பில் நிற்கும் ரோடோடெண்ட்ரான், ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தான பூ. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் குவியம் பார்த்தேன். எஃப் 32-க்கு மூடினேன். இந்த லென்ஸில் ஷட்டர் கிடையாது, மூடியைக் கழற்றி மாட்டுவதுதான் எக்ஸ்போஷர். நிழலில் 80 ஏ.எஸ்.ஏ. கணக்குக்கு ஒன்றரை நொடி. மலை உயரத்தில் நீல ஒளியும் புற ஊதாவும் அதிகம் என்பதால் இந்த ஃபிலிம் இங்கே சமவெளியைவிடச் சற்று வேகமாகவே நடந்துகொள்கிறது. மாறாக, சாயங்காலம் ஒளி மஞ்சளித்துச் சிவந்தால் அதன் வேகம் சரசரவென்று இறங்கிவிடும். மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, நாம்தான் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

பெரியவரையும் அதே மரத்தடியில் நிறுத்தி ஒன்று எடுத்தேன். “ஒன்றரை நொடி அசையக் கூடாதுங்க ஐயா” என்றேன். “இருட்டுல மணிக்கணக்கா நின்னவன் நான்” என்று சொல்லிவிட்டு, மூடி திரும்ப மாட்டப்படும்வரை இமைக்கவில்லை.

அங்கிருந்து ஊருக்குத் திரும்பும்போது மனத்தில் ஓடியது ஒன்றுதான். விநோத ஃபிலிம் என்று இன்று இளைஞர்கள் தேடித்தேடி வாங்குகிற எதுவும் விநோதத்துக்காகப் பிறந்ததில்லை. எக்ஸ்ரே ஃபிலிம் எலும்பு முறிவைக் காட்டப் பிறந்தது. மரத்தின் பச்சையைக் கருஞ்சிவப்பாகக் காட்டி உலகம் முழுக்கப் புகழ்பெற்ற கோடாக் ஏரோக்ரோம், உயிருள்ள இலை எதிரொளிக்கும் அகச்சிவப்பை வைத்து, இலைபோல வண்ணமடித்து மறைத்த ராணுவத் தளவாடங்களை வானத்திலிருந்து பிரித்தறியப் பிறந்தது. ஒவ்வொன்றும் தன் வேலையில் மிகச் சாதாரணமானது, ஒழுங்கானது. அதை வேறோர் இடத்துக்குக் கூட்டி வந்தவர்கள் நாம். கூட்டி வந்தபிறகு, என்ன வருகிறதோ வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது இருட்டில் சுவரைத் தொட்டு நடந்து இதைச் செய்தவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அதன் பூர்வீக வேலை என்ன, எந்த நிறத்துக்குக் குருடு, எந்தச் சூட்டுக்குப் பழகியது என்று விசாரித்துவிட்டு எடுத்தால், வருகிற படம் தற்செயலாக இருக்காது.

சாயங்காலம் சேரிங் கிராஸில் இந்தக் கொள்கையைச் சினிமா ஃபிலிமில் சோதித்தேன். யாஷிகாவில் 35 மில்லிமீட்டர் துணைக்கருவிகளைப் பொருத்தி, கோடாக் விஷன்3 500டி-யை ஏற்றினேன். படப்பிடிப்பு முடிந்து மிஞ்சும் ‘ஷார்ட் எண்ட்’ துண்டுகளைச் சின்ன டப்பாக்களில் சுற்றி விற்பவர்களிடமிருந்து வாங்கியது. நானூறு அடி முழு ரோல் சினிமா கேமராவில் நாலரை நிமிடம்கூட ஓடாது. அதன் கடைசிச் சில அடிகள் எனக்கு ஒரு மாலைக்குப் போதும். இந்த யாஷிகாவில் ஃபிலிம் கீழிருந்து மேலாக ஓடுவதால் படங்கள் நெட்டுவாக்கில் விழும். 80 மில்லிமீட்டர் லென்ஸ் இந்தச் சிறிய சட்டத்துக்குத் தூரத்தை இழுத்துக் காட்டும்.

500டி டங்ஸ்டன் விளக்கொளிக்கு, அதாவது 3,200 கெல்வினுக்கு, சமன் செய்யப்பட்டது. பகலில் பிடித்தால் எல்லாம் நீலம் பாரிக்கும். வர்க்கி விற்கும் பேக்கரிகளில் மஞ்சள் பல்பு எரிகிற கடையாகப் பார்த்து நின்றேன். வெளியே அந்தி நீலம், உள்ளே பல்பின் கீழ் அடுக்கிய வர்க்கி. இதன் பின்புறம் பூசிய கரிப்படலத்தை நீக்கிவிட்டு விற்கும் வகைகளில் விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் வரும். பலர் அதற்காகவே வாங்குகிறார்கள். எனக்குக் கரிப்படலம் இருந்தபடியே வேண்டும். ஒளிப்பதிவாளர்கள் நம்பி வேலை செய்த ஃபிலிம் அதுதான். கழுவும்போது போராக்ஸ் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும், டெவலப்பரை 41 டிகிரியில் நிறுத்த வேண்டும். ஊட்டியின் தைக் குளிரில் அது நடக்காது. அந்தச் சுருளை மட்டும் கோவைக்குக் கொண்டுபோய்க் கழுவினேன். கடையின் உட்புறம் கண்ணுக்குத் தெரிந்தபடியே நிறம் மாறாமல் வந்திருந்தது.

மற்ற இரண்டையும் அன்றிரவே கழுவினேன். ஊட்டியில் முன்னாள் ஸ்டுடியோக்காரர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் தன் இருட்டறையைக் கலைக்காமல் வைத்திருக்கிறார். டெவலப்பர் டி-76. மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். 1920-களின் சூத்திரம், இன்றும் தராசு ஒன்றிருந்தால் வீட்டிலேயே கலக்கலாம். சென்னையில் கழுவுகிறவர்களுக்குக் கோடையில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும், ஜெலட்டின் இளகாமலிருக்க ஐஸ் போட்டு இறக்குவார்கள். இங்கே தலைகீழ். குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைத்தது. ஹைட்ரோகுவினோன் 12 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். கெட்டிலில் வெந்நீர் வைத்துச் சேர்த்து 18-க்குக் கொண்டுவந்தேன். அதற்குமேல் வேண்டுமென்றேதான் ஏற்றவில்லை, குளிர்ந்த டெவலப்பரில் ஃபாக் குறைவாக எழும். ஒரு சதவீத பென்சோட்ரையசோல் கரைசலையும் சில துளி சேர்த்தேன். வெளிச்சத்தைக் காணாமலே விழித்த துகள்களை அது அடக்கி வைக்கும்.

‘இந்து’ ரோல் டேங்கில் ஊறும்போதே எக்ஸ்ரே துண்டுகளைத் தட்டில் இறக்கினேன். தட்டின் அடியில் ஒரு கண்ணாடித் துண்டு போட்டுவிட வேண்டும். இருபுறமும் பூச்சு என்பதால் பிளாஸ்டிக் தட்டின் வரிகளே கீறிவிடும். சிவப்பு விளக்கின் கீழ் முதலில் வானம் கறுத்தது, பிறகு இலைகள். பூக்கள் இருந்த இடம் மட்டும் வெறுமையாகவே நின்றது. ஹைப்போவில் போட்டு வெளியே எடுத்தால் நெகட்டிவில் அவை கண்ணாடிபோலத் தெளிவு. பிரிண்டில் பூக்கொத்து கன்னங்கரேலென்று இருக்கும், இலைகள் வெளிறி மின்னும், வானம் வெறும் வெள்ளை. பெரியவரின் முகத்திலும் இதே கணக்கு. சிவப்பேறிய தோல் கறுத்து, ஒவ்வொரு சுருக்கமும் ஆழமாக விழுந்திருந்தது. 1920-கள்வரை சினிமாவும் இப்படிப்பட்ட ஃபிலிமில்தான் பிடிக்கப்பட்டது. அதனால் நடிகர்களின் ஒப்பனையையே ஃபிலிமுக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது.

‘இந்து’ ரோலைச் சுருளிலிருந்து பிரித்து விளக்குக்கு நேரே பிடித்தேன். படங்கள் இருந்தன. ஃபாக் சாம்பலாக முழுக்கப் பரவியிருந்தாலும் அதைத் துளைத்துக்கொண்டு உறைபனிப் புல்லும் சுவரும் நின்றன. வானத்தில் வேறொன்றும் இருந்தது: பின்னால் ஒட்டிய காகிதத்தின் எண்களும் புள்ளிகளும். முப்பது வருடம் இறுகச் சுற்றிக் கிடந்ததில் காகிதத்தின் மை ஃபிலிமில் பதிந்துவிட்டது. நிழல்கள் மட்டும் மெலிந்திருந்தன. குன்னூர் அலமாரி காப்பாற்றியது உண்மை, நான் கணக்குப் போட்ட அளவுக்கு இல்லை.

மறுநாள் காலை நெகட்டிவை உறையில் போட்டு எடுத்துப் போய் அதே கடை பெஞ்சில் பெரியவரிடம் கொடுத்தேன். ஓரத்தைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். தொழிற்சாலைச் சுவர் இருந்த படத்தை விட்டுவிட்டு, படமே இல்லாத ஓரங்களையும் இடைவெளிகளையும்தான் முதலில் பார்த்தார்.

“பூச்சு சீரா இருக்குது பாருங்க. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே மாதிரி. ஒரு இடத்துல கூட இழுக்கல.” அதன்பிறகே படத்துக்கு வந்தார். மர நிழல்களைச் சுட்டுவிரலால் காட்டினார். “இங்க ஒண்ணுமே வரல தம்பி. இன்னும் ஒரு ஸ்டாப் குடுக்கணும்.”

அந்த அலமாரியிலிருந்து வந்த இன்னொரு ரோல் பையில் இருந்தது. மீட்டரை 6 ஏ.எஸ்.ஏ.-க்கு இறக்கிக் காட்டினேன், “அதான் சரி” என்றார். முப்பதில் ஒரு நொடி, எஃப் 8. இந்த முறை எங்கே நின்று எடுத்தால் பூச்சுப் பிரிவுக் கட்டடத்தின் கூரை தெரியும் என்று காட்ட அவரே முன்னால் நடந்தார்.